கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்த நாள்



நம்ம கூட்டமைப்பு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேணும்னு தலைவி அக்கா கேட்டாங்க. "குழு ஆரம்பிச்ச கதையை எல்லாரும் எழுதிட்டாங்கம்மா, நீ வேற ஏதாவது எழுது"ன்னும் சொன்னாங்க. கணக்கு எழுதுற எனக்குத் தெரிந்தது கணக்குப் புத்தகத்தோட வரலாறுதான். ஒரு சமயம் அந்தக் கணக்கு முழுவதும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டது. அதை நம்ம உறுப்பினர் ஒருவரே திறந்து வெளியே எடுத்தார். அந்தக் கதையை எழுதுகிறேன்.

2015 டிசம்பர் 1-ம் தேதி மழையைத் தாம்பரத்துக்காரர்கள் யாரும் மறக்க முடியாது. ஒரே நாளில் ஏறக்குறைய 49 சென்டிமீட்டர் பெய்தது. அடையாற்றுத் தண்ணீர் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் வீட்டுக்குள் புகுந்தது. அப்போது நம்ம அலுவலகம் முடிச்சூர் சாலையை ஒட்டி ஒரு வாடகை வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தது. தண்ணீர் வடிந்து கதவைத் திறந்தபோது தரையெல்லாம் சேறு. ரொக்கப் புத்தகம், பேரேடு, தீர்மானப் புத்தகம் எல்லாம் கூழாகக் கிடந்தன. கம்ப்யூட்டர் ஒரு குட்டை மேஜைமேல் இருந்தது. தண்ணீர் அந்த மேஜைக்கு மேலேயும் இரண்டு விரல் உயரம் ஏறி நின்ற கோடு, பெட்டியின் பக்கவாட்டில் தெரிந்தது.

அது பெரிய கம்ப்யூட்டர் இல்லை. இரண்டு பேரேட்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் எவ்வளவு உயரமோ அவ்வளவுதான். அதற்குள்தான் எல்லாக் குழுக்களின் சேமிப்பும், உள்கடனும், வங்கிக் கடன் தவணையும் இருந்தன. வேறு எங்கேயும் நகல் எடுத்து வைக்கவில்லை. அது என் தவறு.

ஒரு சகோதரி 20 தவணையில் 19 கட்டி முடித்திருந்தார். அவருடைய பாஸ்புக்கும் வெள்ளத்தோடு போய்விட்டது. "நான் கட்டினதுக்கு யாரு சாட்சி?"ன்னு வாசலில் நின்று அழுதார். நமக்குள்ளே ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்பட்டால் குழு என்று ஒன்று இருக்காது. அன்றைக்கு எனக்கு இருந்த பயம் அதுதான்.

பெட்டியை ஒரு ரிப்பேர் கடைக்குத் தூக்கிப் போனேன். கடைக்காரர் மூடியைக்கூடத் திறக்கவில்லை. "போர்டு போச்சு, டிஸ்க்கும் போயிருக்கும். புதுசு வாங்கிக்கோங்க. இதைப் பழைய விலைக்கு நான் எடுத்துக்குறேன்" என்றார். திரும்பி வந்து, ஒருவேளை ஓடுமோ என்ற ஆசையில் பிளக்கைச் சொருகப் போனேன். "ஏம்மா, கையை எடு!"ன்னு ஒரு சத்தம். நம்ம மூத்த உறுப்பினர் அக்கா வாசலில் நின்றிருந்தார்.

அந்த அக்காவைப் பற்றிச் சொல்லும்முன் மெப்ஸ் பற்றிச் சொல்ல வேண்டும். சானடோரியம் ரயில் நிலையத்தில் இறங்கி ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம் போனால் வருகிற ஏற்றுமதி மண்டலம்தான் மெப்ஸ். 1984-ல் தொடங்கியது. நம்ம பகுதிப் பெண்கள் எத்தனையோ பேர் காலை ஷிப்டுக்குச் சாப்பாட்டுப் பையோடு அங்கே ஓடியவர்கள். துணி தைத்தவர்களும் உண்டு, எலக்ட்ரானிக் போர்டுகளில் சின்னச் சின்னப் பாகங்களைப் பொருத்தியவர்களும் உண்டு. அக்கா இரண்டாவது வகை. கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பல வருஷம் போர்டு வேலை பார்த்தவர். நம்ம குழுவிலோ அவரை இட்லிமாவு விற்கிற அக்கா என்றுதான் எல்லோருக்கும் தெரியும்.

"ஈரத்தோட கரண்ட் குடுத்தா மிச்சம் இருக்கறதும் எரிஞ்சிடும். முதல்ல திறந்து பார்ப்போம்" என்றார். எனக்குக் கை நடுங்கியது. "நாம திறக்கலாமாக்கா? கம்பெனிக்காரங்கதானே திறக்கணும்?"னு கேட்டேன். அக்கா சிரித்தார். "திறக்கக் கூடாதுன்னா எதுக்கும்மா ஸ்குரூ வச்சிருக்கான்?"

பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தபோதுதான் அந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்று புரிந்தது. 1946-ல் அமெரிக்காவில் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கம்ப்யூட்டர் ஒரு பெரிய கூடத்தையே அடைத்துக்கொண்டு நின்றது. உள்ளே சுமார் 18,000 வால்வுகள். அதை இயக்கக் கற்றுக்கொண்டவர்கள் கே மெக்நல்டி, பெட்டி ஜென்னிங்ஸ் உட்பட ஆறு பெண்கள். வரைபடத்தைப் பார்த்தே இயந்திரத்தைப் படித்தார்கள். எந்த வால்வு பழுது என்று சொல்லும் அளவுக்கு அதன் உள்ளே தெரிந்து வைத்திருந்தார்கள். நம்ம ஊரில் கிண்டி ஐ.ஐ.டி.க்கு 1973-ல் வந்த ஐ.பி.எம். 370 கம்ப்யூட்டரும் தனிக் கட்டடத்தில் வைக்க வேண்டிய அளவுக்குப் பெரியதுதான்.

அதன் பிறகு பெட்டி சிறியதாகிக்கொண்டே வந்தது. சிறியதாக ஆக, திறப்பதும் கஷ்டமானது. மெப்ஸ் தொடங்கிய அதே 1984-ல் ஆப்பிள் கம்பெனி மெக்கின்டோஷ் என்ற அடக்கமான கம்ப்யூட்டரை விற்றது. அதைத் திறக்க நட்சத்திர வடிவ முனையுள்ள நீளமான ஸ்குரூடிரைவர் வேண்டும். அது யார் வீட்டிலும் இருக்காது. வேடிக்கை என்னவென்றால், அதைச் செய்தவர்களின் கையெழுத்தெல்லாம் அந்தப் பெட்டியின் உட்பக்கத்தில் பதிக்கப்பட்டிருந்தது. திறந்து பார்த்தவர்களுக்கு மட்டும்தான் அது தெரியும்.

2005-ல் அதே கம்பெனி மேக் மினி என்று இரண்டு அங்குல உயரத்தில் ஒன்றை விட்டது. அதில் வெளியே ஒரு ஸ்குரூகூடக் கிடையாது. பெயின்டர்கள் சுவருக்குப் பட்டி பார்க்கிற தகடு இருக்கிறதே, அதை விளிம்பில் நுழைத்து நெம்பித்தான் மூடியை எடுப்பார்கள். கம்பெனி மெக்கானிக்கும் அப்படித்தான் திறப்பார். 2014-ல் வந்த மேக் மினியில் ராம் என்கிற நினைவகத்தைப் போர்டோடு சேர்த்தே பற்றவைத்துவிட்டார்கள். பிறகு கூட்ட வேண்டுமென்றாலும் கழற்ற முடியாது.

நல்லவேளை, நம்ம பெட்டி அந்த மாதிரி இல்லை. அக்கா திறந்த முறையை வரிசையாகச் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

முதலில் எல்லா வயரையும் பிடுங்கினார். பிறகு ஆன் செய்கிற பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்தார். உள்ளே தேங்கியிருக்கிற கரண்ட் அதில் இறங்கும் என்றார். எந்த வயர் எங்கே இருந்தது என்று என்னைச் செல்போனில் படம் எடுக்கச் சொன்னார். வீட்டிலிருந்து அஞ்சறைப்பெட்டியைக் கழுவித் துடைத்துக் கொண்டுவரச் சொன்னார். மூடி ஸ்குரூ ஒரு கிண்ணத்தில், டிஸ்க் ஸ்குரூ ஒரு கிண்ணத்தில் என்று தனித்தனியாகப் போட்டோம். இடம் மாறி நீளமான ஸ்குரூவை முறுக்கினால் போர்டு உடையும் என்றார்.

மூடி கழன்றதும் பெட்டியின் இரும்பை வெறும் கையால் தொட்டார். நம்ம உடம்பில் இருக்கிற நிலைமின்சாரம் பட்டாலே சிப்பு கெடும். மெப்ஸில் வேலை பார்த்தபோது எர்த் வயரோடு சேர்த்த பட்டையை மணிக்கட்டில் கட்டியிருப்பார்களாம். உள்ளே சில இடங்களில் மட்டும் கலர் பிளாஸ்டிக் இருந்தது. கையால் அழுத்திக் கழற்ற வேண்டிய இடத்தைச் சில கம்பெனிகள் நீலத்திலும் சில கம்பெனிகள் பச்சையிலும் காட்டியிருப்பார்கள். அது தெரிந்தால் பாதி பயம் போய்விடும்.

முதலில் சி.டி. டிரைவ் வெளியே வந்தது. போர்டில் காசு மாதிரி ஒரு பேட்டரி இருந்தது. அதை உடனே எடுத்துவிட்டார். மூன்று வோல்ட்தான் என்றாலும் ஈரமான போர்டை அது அரித்துக்கொண்டே இருக்கும். மின்சாரம் பிரித்துக் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். டப்பாவை மட்டும் அவர் திறக்கவில்லை. "பிளக்கைப் பிடுங்கினாலும் இதுக்குள்ள கரண்ட் நிக்கும். இது நம்ம வேலை இல்லை" என்றார்.

போர்டு முழுக்கச் சேறு. கடைக்காரர் சொன்னது அந்த அளவில் சரிதான். ஆனால் ஹார்ட் டிஸ்க் போர்டுக்கு மேலே, ஒரு தாங்கியில் உட்கார்ந்திருந்தது. தண்ணீர்க் கோடு அதற்கு ஒரு விரற்கடை கீழேயே நின்றுவிட்டது. இரண்டு கேபிளைப் பிடுங்கி, நீலப் பிடியை அழுத்தியதும் டிஸ்க் அக்கா கைக்கு வந்தது. மேலே ஒரு துளி ஈரம் இல்லை.

நான்கு நாள் காற்றாட வைத்தோம். ரிச்சி தெருவில் ஒரு கேபிள் வாங்கி, இன்னொரு உறுப்பினர் மகனுடைய லேப்டாப்பில் இணைத்தோம். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு திரையில் நம்ம குழுக்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. அந்தச் சகோதரியின் பக்கத்தைத் திறந்தேன். 19 தவணையும் தேதியோடு இருந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த கூட்டத்திலேயே மூன்று தீர்மானம் போட்டோம். மாதாமாதம் கணக்கை இரண்டு பென்டிரைவில் எடுத்து இரண்டு வெவ்வேறு வீட்டில் வைப்பது. கம்ப்யூட்டர் வாங்கும்போது டிஸ்க்கையும் ராமையும் தனியாகக் கழற்ற முடியுமா என்று கேட்டு வாங்குவது. பழைய பெட்டியைக் கொடுக்கும்முன் டிஸ்க்கை எடுத்துவிடுவது. அன்றைக்கு அந்தக் கடையில் பெட்டியை விட்டுவிட்டு வந்திருந்தால், நம்ம எல்லாருடைய கணக்கும் பழைய விலைக்குப் போயிருக்கும்.

இப்போது அரசாங்கமும் இதைப் பேசுகிறது. வாங்கிய பொருளைப் பழுது பார்த்துக்கொள்ளும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் துறை 2022-ல் ஒரு குழு அமைத்து, அதே வருஷம் ஓர் இணையதளமும் தொடங்கியது. மின்னணுக் கழிவுக்கான புதிய விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. பழைய போர்டில் ஈயம் போன்ற நஞ்சு உண்டு. அதனால் குப்பையில் போடவோ எரிக்கவோ கூடாது, அங்கீகாரம் பெற்றவர்களிடம்தான் கொடுக்க வேண்டும்.

நம்ம தமிழ்நாட்டில் 1989-ல் தர்மபுரியில் குழுக்கள் தொடங்கின. அன்றிலிருந்து நமக்குச் சொல்லித்தரும் முதல் பாடம், கணக்குப் புத்தகம் எந்த உறுப்பினர் கேட்டாலும் திறந்து காட்டப்பட வேண்டும் என்பது. புத்தகம் கம்ப்யூட்டருக்குள் போனதும் அதை நாம் மறந்திருந்தோம். பெட்டி நம்ம பணத்தில் வாங்கியது, உள்ளே இருப்பது நம்ம கணக்கு. அதைத் திறக்கத் தெரிந்தவர் இத்தனை வருஷம் நம்ம பக்கத்திலேயே பாயில் உட்கார்ந்து சேமிப்பு கட்டிக்கொண்டிருந்தார். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அந்தப் பழைய பெட்டி இன்னும் அலுவலக அலமாரியில் இருக்கிறது. அடுத்த மாதக் கூட்டம் முடிந்ததும் அக்கா அதைத் திறந்து காட்டச் சம்மதித்திருக்கிறார். குழுவுக்கு இரண்டு பேராவது வாருங்கள். வீட்டில் ஸ்குரூடிரைவர் இருந்தால் எடுத்து வாருங்கள், அஞ்சறைப்பெட்டியை நான் கொண்டுவருகிறேன்.