ஜப்பான் காரில் தமிழ்க் குரல்

ஸ்பீக்கருக்கும் இலங்கை வானொலிக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு. 1925-இல் அமெரிக்காவில் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெலாக் என்ற இரண்டு பொறியியலாளர்கள், காந்தம், கம்பிச்சுருள், காகிதக் கூம்பு மூன்றும் சேர்ந்த ஒலிபெருக்கியைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இன்னைக்கும் நம்ம கார் கதவுக்குள்ள இருக்கிறது அடிப்படையில் அதே அமைப்புதான். அதே வருசம் டிசம்பர் 16 அன்று கொழும்பில் வானொலி ஒலிபரப்பு தொடங்கியது. இந்த இரண்டும் இரத்தினபுரி, கேகாலைத் தோட்ட ரோட்டில் ஓடுற ஒரு பழைய காருக்குள்ள எப்படிச் சந்தித்தன என்பதுதான் இந்தக் கட்டுரை.

தோட்டத்தில் சத்தம் ரொம்பக் காலம் நம்ம கையில் இருக்கவில்லை. காலையில் பெரட்டுக்குக் கூப்பிடத் தப்பு அடிச்சாங்க. கார் என்றால் துரையோடது. 1950-இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை வந்ததும் நிலைமை மாறியது. எஸ்.பி. மயில்வாகனம், பிறகு கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் என்று அறிவிப்பாளர்களின் குரல்கள் லயத்துக்குள்ள வந்தன. நுவரெலியா மாதிரி இல்லாமல், சபரகமுவவில் நம்ம தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவில் சிதறிக் கிடக்கு. டவுனுக்கு இறங்கினால் காதில் விழுகிற தமிழ் குறைவு. அதனால வானொலித் தமிழுக்கு இங்க தனி மதிப்பு.

1977-இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு, ஜப்பானில் ஓடிய கார்கள் ‘ரீகண்டிஷன்’ என்ற பேரில் வர ஆரம்பித்தன. கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய் உழைத்த பிள்ளைகளின் காசில், காலப்போக்கில் சில லயத்து வாசல்களிலும் ஒரு கொரோலாவோ சன்னியோ நின்றது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு வழி மறுபடி திறந்தது 2025 பிப்ரவரியில்தான். இடையில் பழைய காரின் விலை ஏறியது. இருக்கிறதைத் திருத்தி ஓட்டுறதுதான் வழி என்றானது.

ஆனா அந்தக் காரோட வந்த ரேடியோ நமக்காகச் செய்ததில்லை. ஜப்பானில் எஃப்.எம். அலைவரிசை 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான் இருந்தது; அதற்கு மேலே தொலைக்காட்சிக்கு ஒதுக்கியிருந்தார்கள். இலங்கையில் 88 முதல் 108 வரை. 20 மெகாஹேர்ட்ஸ் குறைக்கும் எக்ஸ்பாண்டர் ஒன்றைப் பொருத்தினால் 103-இல் வரும் நிலையம் செட்டில் 83 என்று காட்டும். அப்பவும் 96-க்குக் கீழே உள்ள நிலையங்கள் கைவிட்டுப் போகும். அதனால ஸ்பீக்கருக்குச் செலவு செய்யும் முன்னாடி, செட் எதைப் பிடிக்குது என்று பாருங்க. பிடிக்காத நிலையத்தை எந்த ஸ்பீக்கரும் கேட்க வைக்காது.

அடுத்து, பழுது எங்கே என்று பாருங்க. பேலன்ஸ், ஃபேடர் இரண்டையும் திருப்பி ஒவ்வொரு ஸ்பீக்கரையும் தனித்தனியாகக் கேட்டால் எது கரகரக்குது என்று தெரியும். சில நேரம் வயர் கழன்றிருக்கும், அவ்வளவுதான். கூம்பைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் உதிர்ந்திருந்தால் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

வாங்கும்போது பெட்டியில் பெரிசாகப் போட்டிருக்கும் ‘மேக்ஸ்’ வாட்ஸை நம்பாதீங்க. ஆர்.எம்.எஸ். எவ்வளவு என்று கேளுங்க. பழைய செட்டின் சக்தி குறைவு என்பதால் சென்சிட்டிவிட்டி அதைவிட முக்கியம்: 3 டெசிபெல் கூடின ஸ்பீக்கர், பாதிச் சக்தியிலேயே அதே சத்தத்தைத் தரும். பழைய ஸ்பீக்கர் 4 ஓம் என்றால் புதுசும் 4 ஓமாகவே இருக்கட்டும். அதற்குக் குறைந்தால் செட் சூடாகும். விட்டத்தை மட்டும் அளந்தால் போதாது, ஆழத்தையும் அளக்கணும். இல்லாவிட்டால் கண்ணாடியை இறக்கும்போது காந்தத்தில் இடிக்கும். இரத்தினபுரி மழைக்குக் காகிதக் கூம்பைவிட பிளாஸ்டிக் கூம்பும் ரப்பர் வளையமும் நின்று பிடிக்கும். பொருத்தும்போது பிளஸ், மைனஸை மாற்றிவிடாதீங்க. ஒரு பக்கம் மாறினால் இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றையொன்று அடித்து பேஸ் காணாமல் போகும்.

கடையில் பேஸ் அதிரும் பாட்டைப் போட்டுத்தான் பெரும்பாலும் காட்டுவாங்க. நீங்க ஒரு தமிழ்ச் செய்தியைப் போடச் சொல்லுங்க. காரணம் இருக்கு. 2016 மே 17 அன்று கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவில் மலை சரிந்தது. அந்த மழையில் புளத்கொஹுபிட்டியவில் தோட்ட லயமும் மண்ணுக்குள் போனது. அந்த மாதிரி மழையில் கரண்ட் போகும், போனில் சார்ஜ் தீரும். கார் பேட்டரி மட்டும் மிஞ்சும். மண்சரிவு எச்சரிக்கையில் எந்தப் பிரதேசத்தின் பேரைச் சொன்னாங்க என்று, கூரையில் மழை அடிக்கிற சத்தத்தைத் தாண்டி, காரைச் சுற்றி நிற்கிற பக்கத்து வீட்டு ஆட்களுக்கும் விளங்கணும். அதை விளங்க வைக்கிற ஸ்பீக்கர்தான் நம்ம ரோட்டுக்கு நல்ல ஸ்பீக்கர். பாட்டு அதிலேயே நல்லாத்தான் கேட்கும்.