பிழையை அளத்தல்: இயந்திரக் கற்றலுக்கு ஒரு நுழைவாயில்

1. வரையறை

தரவிலிருந்து பெறும் பிழையை அளந்து, அது குறையும் திசையில் தன் அளபுருக்களைத் தானே திருத்திக்கொள்ளும் கணிப்புமுறையை இயந்திரக் கற்றல் என்கிறோம். அளபுரு என்பது திருத்தத்துக்கு இடம்தரும் எண். பிழையின் மொத்த அளவைத் தரும் சார்பு இழப்புச் சார்பு. இம்மூன்றும் தெளிவாகாமல் நிரல் நூலகங்களைத் திறக்கும் மாணவர் விடையைப் பெறுவார். அது எங்கிருந்து வந்தது என்பதை அறியார்.

2. பிழையின் இரு வகை

கொச்சி அரச குடும்பத்தின் ஊரான திருப்பூணித்துறையில் பிழையை ஆராய்வதற்குப் பொருத்தமான முன்னோடி உண்டு. அக்குடும்பத்து ராமவர்மா (மரு) தம்புரான், ஏ.ஆர். அகிலேஸ்வர ஐயருடன் சேர்ந்து யுக்திபாஷாவின் கணிதப் பகுதியைப் பதிப்பித்தார். திருச்சூர் மங்களோதயம் அதை 1948இல் வெளியிட்டது. ஜ்யேஷ்டதேவர் 16ஆம் நூற்றாண்டில் மலையாளத்தில் எழுதிய அந்நூல், முடிவுகளைச் சொல்வதோடு நில்லாமல் அவற்றுக்கு யுக்தியும், அதாவது காரண விளக்கமும், காட்டுகிறது.

பை மதிப்பைக் காண அந்நூல் விளக்கும், கணிதர் மாதவரின் தொடரில் 1 − 1/3 + 1/5 எனப் பத்து உறுப்புகள் வரை கூட்டி நான்கால் பெருக்கினால் 3.04184 கிடைக்கும். பை மதிப்பிலிருந்து இது வெகு தொலைவு. உறுப்புகளின் எண்ணிக்கை n எனில், மாதவர் மரபினர் இறுதித் திருத்தமாக n/(4n²+1) என்பதைச் சேர்க்கிறார்கள்; n = 10 எனில் 10/401. அதை நான்கால் பெருக்கிக் கூட்டினால் 3.14159. திருத்தத்துக்குப் பின்னும் எஞ்சும் பிழைக்கு ஸ்தௌல்யம், அதாவது பருமை, என்று பெயரிட்டு அதையும் ஆராய்ந்தார்கள்.

இங்கே பிழையின் வடிவம் யுக்தியால் முன்கூட்டியே அறியப்பட்டது. இயந்திரக் கற்றலில் அந்த வசதி இல்லை. தரவில் அளந்தே அறிய வேண்டும். இவ்வேறுபாட்டை நாம் முதன்மையாகக் கொள்கிறோம்.

3. கைக்கணக்கு

அப்படி அளப்பதை ஒரு சிறு தரவில் பார்ப்போம். x: 1, 2, 3; y: 2, 4, 6. y = wx என்க; w தான் அளபுரு. w = 1 எனத் தொடங்கினால் பிழைகள் 1, 2, 3; வர்க்கங்களின் கூடுதலான இழப்பு 14. அதன் சரிவு −28. சரிவுக்கு எதிர்த்திசையில் நகர்வதே சரிவிறக்கம். நகர்வின் அளவைக் கற்றல் வீதம் தீர்மானிக்கும். வீதம் 0.01 எனில் w = 1.28, இழப்பு 7.26 ஆகிறது. வீதத்தை 0.1 ஆக்கினால் w = 3.8, இழப்பு 45.36! திசை சரி, அடிதான் பெரிது. தாளில் ஒருமுறை இப்படித் தடுக்கி விழுந்தவர், பின்னர் கணினியில் இழப்பு ஏறும்போது திகைக்கமாட்டார்.

4. அடுத்த படி

திருப்பூணித்துறையிலிருந்து மெட்ரோவில் கொச்சிப் பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் மாணவருக்கு அப்பயணமே இக்கணக்குக்குப் போதும். நேரியல் இயற்கணிதமும் நிகழ்தகவும் இணையாக வரட்டும். அதன்பின் சென்னை ஐஐடியின் பலராமன் ரவீந்திரன் என்பிடெல் தளத்தில் நடத்தும் அறிமுகப் பாடத்தைத் தொடரலாம். தரவில் ஒரு பகுதியைப் பயிற்சிக்குக் காட்டாமல் ஒதுக்கிவைக்கும் வழக்கத்தை முதல் நாளே பழக வேண்டும். பயிற்சித் தரவில் மட்டும் பிழை குறைந்து, ஒதுக்கிய பகுதியில் ஏறினால் அது மிகைப்பொருத்தம். மனப்பாடம் என்றும் சொல்லலாம்.