தீவிர அடோபிக் எக்சிமா: நோயெதிர்ப்பு வழிச் சிகிச்சைகள்

அடோபிக் எக்சிமா என்பது தோலை வறளச் செய்து ஓயாத அரிப்பைத் தரும் நாள்பட்ட அழற்சி நோய், பிறருக்குத் தொற்றாது. கைக்குழந்தைகளுக்குப் பெரும்பாலும் கன்னத்திலும், வளர்ந்தவர்களுக்கு முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்புறத்திலும் கழுத்திலும் தோல் சிவந்து, சொறியச் சொறியத் தடித்துப் போகும். நோய் முற்றினால் இரவுத் தூக்கம் போய்விடும். சொறிந்த இடத்தின் ரத்தம் படுக்கை விரிப்பில் படியும். களிம்பும் புற ஊதாக் கதிர்ச் சிகிச்சையும் போதாத நிலையில்தான் மாத்திரைகளும் ஊசிகளும் தேவையாகின்றன.

தோலின் மேலடுக்கைக் கட்டிக்காக்கும் புரதம் ஃபிலாக்ரின். அதன் மரபணுவில் ஏற்படும் பழுது இந்நோய்க்கு வழிவிடுகிறது என்பது 2006இல் தெரியவந்தது. மறுபுறம், நோயெதிர்ப்பு செல்கள் இன்டர்லூக்கின்-4, 13, 31 ஆகிய புரதங்களை அளவுக்கு மீறிச் சுரக்கின்றன. முதல் இரண்டும் அழற்சியை வளர்ப்பதோடு ஃபிலாக்ரின் உற்பத்தியையும் குறைக்கின்றன. இன்டர்லூக்கின்-31 நரம்பு நுனிகளைத் தூண்டி அரிப்பைக் கிளப்புகிறது.

பழைய மருந்துகள் நோயெதிர்ப்பைப் பரவலாக அடக்குபவை. சைக்ளோஸ்போரின் விரைவாகப் பலன் தரும்; ஆனால் ரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு முறை மட்டுமே எடுக்க வேண்டிய மருந்து. பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். ஸ்டீராய்டு மாத்திரை உடனே அடக்கினாலும், நிறுத்தியதும் நோய் முன்னைவிட மோசமாகத் திரும்பலாம்.

2017 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டுபிலுமாப் ஊசி வேறு வழியில் வந்தது. இன்டர்லூக்கின்-4, 13 இரண்டுக்கும் பொதுவான ஏற்பியை மட்டும் அது அடைக்கிறது. 'சோலோ 1' ஆய்வில், இரு வாரங்களுக்கு ஒருமுறை ஊசி போட்டுக்கொண்டவர்களில் 38 சதவீதத்தினருக்கு 16 வாரங்களில் தோல் முழுமையாகவோ ஏறத்தாழ முழுமையாகவோ தெளிந்தது. போலி மருந்து பெற்றவர்களில் 10 சதவீதத்தினருக்கே அப்படி ஆனது. பயிற்சி பெற்றபின் வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த 300 மில்லிகிராம் ஊசியை 45 நிமிடம் வெளியே வைத்துவிட்டு, தொடையிலோ தொப்புளைச் சுற்றி இரண்டு அங்குலம் விட்டு வயிற்றிலோ தோலுக்கடியில் செலுத்த வேண்டும். கண் சிவந்து உறுத்துவது அடிக்கடி காணும் பக்கவிளைவு. 2022இல் ஆறு மாதக் குழந்தைகள் வரை அனுமதி விரிந்தது.

டிராலோகினுமாப், லெப்ரிகிஸுமாப் ஆகியவை இன்டர்லூக்கின்-13ஐ மட்டும் குறிவைப்பவை. நெமோலிஸுமாப் இன்டர்லூக்கின்-31இன் ஏற்பியைத் தடுக்கிறது.

உபாடாசிட்டினிப், அப்ரோசிட்டினிப் ஆகிய ஜேக் தடுப்பான் மாத்திரைகள் செல்லுக்குள் செய்தி செல்லும் பாதையையே மறிக்கின்றன. சில நாட்களிலேயே அரிப்பு தணியலாம். கடுமையான தொற்று, ரத்தக் கட்டி, இதய நோய், புற்றுநோய் பற்றிய எச்சரிக்கை இவற்றுக்கு உண்டு. ஆகவே காசநோய், கல்லீரல் அழற்சிப் பரிசோதனைகளை முடித்த பின்பே தொடங்குகிறார்கள்; 65 வயதைக் கடந்தவர்களுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் வேறு வழி இல்லாதபோதே தருமாறு ஐரோப்பிய மருந்து முகமை அறிவுறுத்துகிறது. எந்த மருந்தைத் தொடங்கினாலும் ஈரப்பதக் களிம்பை நாள்தோறும் பூசுவதை விடக்கூடாது.