கொங்குச் சுவடுகள் – 17: நள்ளி சுட்டுத் தந்த மான் கறி

சென்ற வாரம் கொல்லிமலையில் வல்வில் ஓரியோடு இருந்தோம். அவனைப் பாடிய வன்பரணரே இந்த வாரம் நம்மை மேற்கே அழைத்துப் போகிறார், கண்டீரக்கோப்பெருநள்ளியிடம். கடையெழு வள்ளல்களில் ஒருவன். அவனுடைய தோட்டிமலை நீலகிரிப் பக்கம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

புறநானூற்றின் 150ஆம் பாடல். கந்தல் உடுத்திய புலவர் நடந்த களைப்போடு ஒரு பலாமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். கூடவே சுற்றத்தாரின் பசி. மான் வேட்டையின் ரத்தம் கழற்காலில் படிந்திருக்க, ஒரு வேட்டுவன் வருகிறான். முடியில் மணி மின்னுகிறது. தொழுது எழப்போன புலவரைக் கையமர்த்தி உட்கார வைக்கிறான். காட்டில் வழி தவறிய அவன் ஆட்கள் இன்னும் வந்து சேரவில்லை. அவர்களுக்காக அவன் காத்திருக்கவில்லை. தானே தீக்கடைந்து, கறியைச் சுட்டு, எல்லாரும் தின்னுங்கள் என்று நீட்டுகிறான்.

மசாலா பற்றி ஒரு சொல் கிடையாது. வெண்ணெய் போன்ற வெள்ளைக் கொழுப்பை மட்டும் புலவர் சொல்கிறார். மான் கறி இயல்பிலேயே கொழுப்புக் குறைந்தது. தீயில் சற்றுக் கூடுதலாக நின்றால் நார்நாராகிவிடும். அப்படியானால் இருப்பதிலேயே நல்ல துண்டுதான் விருந்தாளிக்கு வந்திருக்கிறது. அமிழ்தமாக உண்டு, அருவித் தண்ணீர் குடித்துக் கிளம்பும்போது, காட்டுநாட்டாரிடம் வேறென்ன இருக்கிறது என்று மார்பின் ஆரத்தையும் கைக்கடகத்தையும் கழற்றித் தருகிறான். ஊரும் சொல்லவில்லை, பேரும் சொல்லவில்லை. அவன்தான் நள்ளி என்று பிறர் சொல்லித்தான் புலவருக்கே தெரிகிறது. கொங்கு மலைகளின் மான் கறிக்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது.

அதே நீலகிரியில் 1877இல் வெள்ளையர் வேட்டைச் சங்கம் தொடங்கினார்கள். 1879இல் வேட்டை விலங்குகளுக்கும் மீன்களுக்கும் தனிச் சட்டம்: உரிமம், வேட்டையாடக் கூடாத மாதங்கள். துரைமார் கொம்புக்காகச் சுட்டுக் குவித்தபின் வந்த அந்தக் கட்டுப்பாடு, வயிற்றுக்காக வேட்டையாடிய மலை மக்களையும் கட்டியது. அந்த அநியாயம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு மான் வேட்டையும் குற்றம், அதன் கறியை வைத்திருப்பதும் குற்றம். அதுவே சரி. 2013இல் புலிகள் காப்பகமான சத்தியமங்கலம் காட்டில் புலி பிழைப்பதே மானை நம்பித்தான்.

அடுத்த வாரம் முதிரமலை. அங்கே குமணன் இருக்கிறான். பசியோடு பெருஞ்சித்திரனார் வருகிறார்.