மலைக்குச் சொன்னதும் மருத்துவருக்குச் சொல்லாததும்

பலெர்மோ நகரத்தை ஒட்டிக் கடலோரமாக நிற்கிறது பெல்லெக்ரினோ மலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் ஏறுபவர்களில் கணிசமானோர் நம்மவர்கள். மேலே, குகைக் கோயிலில் சாந்தா ரோசாலியா. 1624இல் கொள்ளைநோய் நகரை அழித்துக்கொண்டிருந்தபோது அவருடைய எலும்புகள் அந்த மலையில் கண்டெடுக்கப்பட்டன. அவற்றை ஊர்வலமாக எடுத்துச் சென்ற பின் நோய் தணிந்தது என்பது ஊராரின் நம்பிக்கை. நம்மில் சைவரும் கத்தோலிக்கரும் ஒன்றாகவே ஏறுகிறார்கள். நேர்த்தி வைக்கிறார்கள், அழுகிறார்கள், இறங்கி வந்து திங்கட்கிழமை வீட்டு வேலைக்குப் போகிறார்கள்.

அந்தக் குகையில் சொல்லப்படும் துயரங்களைக் கேட்க இதே நகரத்தில் அரசு திறந்து வைத்திருக்கும் வாசல் ஒன்றும் உண்டு. அதற்கும் நீண்ட வரலாறு இருக்கிறது. நாங்கள் ஏன் அந்த வாசலில் அதிகம் ஏறவில்லை என்பதுதான் என் கேள்வி.

1824இல் பியேத்ரோ பிசானி என்ற பிரபு பலெர்மோவின் மனநோயாளர் இல்லத்தைப் பொறுப்பேற்றார். அவர் மருத்துவர் அல்லர். ஆனாலும் நோயாளிகளின் சங்கிலிகளை அகற்றினார், அடிப்பதை நிறுத்தினார், அவர்களுக்குத் தோட்ட வேலையும் இசையும் கொடுத்தார். ஐரோப்பியப் பயணிகள் அதைப் பார்க்கவே வந்தார்கள். பின்னாளில் அவர் பெயரைத் தாங்கிய பெரிய மனநோய் வைத்தியசாலை பிந்தெமோந்தே வீதியில் எழுந்தது. மற்ற ஊர்களில் நடந்ததே இங்கும் நடந்தது: மதில் உயர்ந்தது, உள்ளே போனவர்கள் வெளியே வரவில்லை.

அந்த மதிலை உடைத்தது 1978 மே 13இல் வந்த 180ஆம் இலக்கச் சட்டம். கொறீசியாவிலும் திரியெஸ்தேயிலும் வைத்தியசாலைகளைத் திறந்துவிட்ட பிராங்கோ பசாலியாவின் பெயரால்தான் இன்றும் அது அறியப்படுகிறது. புதிதாக எவரையும் மனநோய் வைத்தியசாலையில் அடைக்கக்கூடாது, சிகிச்சை ஊருக்குள் நடக்க வேண்டும் என்றது அது. அதே ஆண்டு டிசம்பரில் தேசிய சுகாதார சேவை உருவானபோது உளநலமும் அதில் ஒரு பகுதியானது. இப்படித்தான் பேட்டைக்குப் பேட்டை உளநல நிலையங்கள் வந்தன.

ஏறக்குறைய அதே காலத்தில் நாங்களும் வந்தோம். 1983 ஜூலைக்குப் பிறகு வந்தவர்களில் பலருக்கு இத்தாலி ஒரு இடைத்தரிப்பு மட்டுமே. தங்கியவர்களுக்கு ஒரு விசித்திரம் நேர்ந்தது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையை, ஐரோப்பியருக்கு மட்டும் என்ற வரையறையோடுதான் இத்தாலி ஏற்றிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து ஓடி வந்தவர் இங்கே சட்டப்படி அகதியாக முடியாது. 1990இல் மார்த்தெல்லி சட்டம் அந்த வரையறையை நீக்கியது. கூடவே, பத்திரம் இல்லாதிருந்தவர்களுக்கு வதிவிட அனுமதி பெறும் வழியையும் திறந்தது. நம்மவர்களில் பலர் அந்த வழியால், வீட்டுப் பணியாளர்களாகப் பதிவானார்கள்.

இதன் விளைவை நான் வெகுகாலம் யோசித்ததில்லை. அகதியாக விண்ணப்பிப்பவரிடம் ‘உனக்கு என்ன நடந்தது?’ என்று ஒரு அதிகாரியாவது கேட்பார். வீட்டுப் பணியாளரிடம் ‘இஸ்திரி போடத் தெரியுமா?’ என்றுதான் கேட்பார்கள். ஒரு முழுத் தலைமுறை, என்ன நடந்தது என்று எவரும் கேட்காமலே இங்கே வாழ்ந்து முடித்திருக்கிறது.

என் சின்னம்மாவும் அவர்களில் ஒருவர். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் எனக்குப் பதினைந்து வயது. வீட்டில் இத்தாலியன் தெரிந்தவன் நான் மட்டும்தான் என்பதால் அவவோடு மருத்துவரிடம் போனேன். “நித்திரை வருதில்லை. ஒரே யோசினை. நெஞ்சுக்குள்ள அடைக்குது” என்றா. ‘இவ நிறைய யோசிக்கிறா’ என்று மொழிபெயர்த்தேன். மருத்துவர் புன்னகைத்தார், யோசிப்பது ஒரு நோயா? பிறகு சின்னம்மா, ஊரில் தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு போன இரவைச் சொல்லத் தொடங்கினா. அதைச் சொல்ல என்னிடம் சொற்கள் இருந்தன, துணிவு இருக்கவில்லை. ‘குடும்பப் பிரச்சினை’ என்றேன். நித்திரைக் குளிசை கிடைத்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் முழுவதையும் சொன்னேன். அடுத்த ஞாயிறு மலையேறும்போது, ‘அவவுக்கு விசராம்’ என்ற கதை எங்களுக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தது. சின்னம்மா அதன்பின் அந்தப் பக்கம் போகவேயில்லை.

1998இல் குடிவரவுச் சட்டம் திருத்தி எழுதப்பட்டது. அதன் 35ஆம் பிரிவின்படி, பத்திரம் இல்லாதவருக்கும் அவசரமான, அத்தியாவசியமான சிகிச்சை உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கக்கூடிய ஒரு குறியீடு கொடுப்பார்கள். பணம் இல்லை என்றால் எழுதிக் கொடுத்தால் போதும். எல்லாவற்றையும் விட முக்கியம், சிகிச்சைக்கு வந்தவரை மருத்துவமனை பொலிசுக்கு அறிவிக்கக்கூடாது. 2009 பெப்ரவரியில் இந்தத் தடையை நீக்க செனற் சபை வாக்களித்தபோது, நாங்கள் காட்டிக்கொடுக்க மாட்டோம் என்று இத்தாலிய மருத்துவர்கள் கிளர்ந்தார்கள். அந்தத் திருத்தம் கைவிடப்பட்டது. யாருடைய இரகசியத்துக்காக அவர்கள் தெருவில் நின்றார்கள் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

ஆனால் அந்தச் சட்டம் எங்களை அரசிடமிருந்துதான் காக்கிறது. சின்னம்மா பயந்தது பொலிசுக்கு அல்ல, ஊருக்கு. பண்பாட்டு இடையாளர்கள் பற்றி 1998ஆம் ஆண்டுச் சட்டமே பேசுகிறது. மொழிபெயர்க்க வருபவர் நம்மவராக இருந்தால், அவர் யாரோ ஒருவருடைய மச்சாளாகவோ மருமகனாகவோ இருப்பார். ஒருவரை ஒருவர் அறிந்த சிறு சமூகத்தில் மொழி தெரிந்தவரே ஆபத்தானவர்.

இதற்கு வழி தெரியாத இனமல்ல நாங்கள். போர் நடுவே, 1987இல், யாழ்ப்பாணத்தில் ‘சாந்திகம்’ தொடங்கியது. மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போர் தமிழர் மனங்களில் செய்ததை 1998இல் ஒரு நூலாகவே எழுதினார். பெருமூச்சும் நெஞ்சு நோவும் தலையிடியும் மனம் பேசும் மொழி என்பதை அங்குள்ளவர்கள் கேட்டுப் பழகினார்கள். உளவளத்துணையாளர்களை உள்ளூரிலேயே பயிற்றினார்கள். கேட்டதை வெளியே சொல்லாதிருப்பது ஒரு தொழில், அதைக் கற்றுக்கொடுக்கலாம் என்று காட்டினார்கள்.

என் வேலை கணினி வலையமைப்புகளோடு. யார் எதைப் பார்க்கலாம் என்று வரையறுப்பதில்தான் அங்கே பாதி நேரம் போகிறது. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: பலெர்மோவில் இருப்பவருக்கு மிலானோவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ தொலைபேசியில், பெயர் கேட்காமல், பயிற்சி பெற்ற ஒருவர் மொழிபெயர்க்கலாம். செலவு பெரிதல்ல. பிள்ளைகளை மட்டும் அந்தக் கதிரையில் இருத்தாதீர்கள். கேட்கக் கூடாததைக் கேட்ட பிள்ளைக்கும் அது சுமை.

சின்னம்மாவுக்கு இப்போது முழங்கால் ஏலாது. இருந்தாலும் செப்டெம்பர் 4, திருநாளன்று, பஸ்ஸிலாவது மேலே போவா. போன வருடம் நான் கூட்டிச் சென்றேன். குகைக்குள் வெகுநேரம் முணுமுணுத்துக்கொண்டு நின்றா. வெளியே வந்ததும், முப்பது வருடத்துக்கு முன் செய்ததற்கு மன்னிப்புக் கேட்டேன்.

“நீ சின்னப் பொடியன்தானே” என்றா. பிறகு குகைப் பக்கம் திரும்பிப் பார்த்து, “இவவிட்டச் சொன்னா வெளியில போகாது” என்றா.