பூட்டு போட்டார்கள், பெட்டி விற்கவில்லை!



1991-இல் ஸ்டார் டி.வி., 1993 ஏப்ரல் 14-இல் சன் டி.வி. மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று மொட்டை மாடிக்கு மாடி கறுப்பு ஒயர் ஓடியதை நம்மில் யார் மறப்பார்கள்? கட்டணச் சானலைக் கேபிள்காரர் ஒரு டீகோடரில் வாங்கி, நூற்றுக்கணக்கான வீடுகளுக்குப் பிரித்து அனுப்பிவிடலாம். எத்தனை வீடு என்பதற்கு அவர் சொன்னதுதான் கணக்கு! சானல்காரர்கள் குமுறினார்கள், ரேட்டை ஏற்றினார்கள். நடுவில் மாட்டிக்கொண்டது சந்தாதாரர்தான்.

இதற்குப் போட்ட பூட்டுதான் ‘காஸ்’ திட்டம். வேண்டிய சானலுக்கு மட்டும் பணம். செட்டாப் பாக்ஸ் இல்லையென்றால் கட்டணச் சானல் தெரியாது. 2003 செப்டம்பர் 1 முதல் இந்தியாவிலேயே முதலில் அமலானது நம் சென்னையில்தான். அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. பெட்டிக்குச் சில ஆயிரம் ரூபாயா என்று பெரும்பாலோர் வாங்கவே இல்லை. இலவசத் தமிழ்ச் சானல்களே போதும் என்று இருந்துவிட்டார்கள். பார்வையாளர்களை இழந்தது கட்டணச் சானல்கள்தான்!

இன்றைய மாணவர்களுக்கு இது பழங்கதை அல்ல. அமேசான் பிரைம் ஆண்டுச் சந்தா 2016-இல் 499 ரூபாய். 2021 டிசம்பரில் 1,499. 2023 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸ், வீட்டுக்கு வெளியே பாஸ்வேர்டு பகிர்வதையும் இங்கே நிறுத்தியது. பூட்டு திருட்டைத் தடுக்கலாம். காசு கொடுக்க வைப்பது கட்டுப்படியாகும் விலைதான். நம் ஊர் 2003-லேயே சொன்ன பாடம் இது என்பேன் நான்.