குடுமியான்மலை சுரமும் சென்செக்ஸ் சரிவும்

புதுக்கோட்டை மாவட்டம் குடுமியான்மலையில, பாறையில் வெட்டின இசைக் கல்வெட்டு முன்னாடி நின்னேன். ஆயிரம் வருஷத்துக்கும் மேல பழசு. நந்நான்கு சுரமா வரிசையா செதுக்கியிருக்காங்க. என்ன சுரம்னு மட்டுமில்ல, எதுக்கு அப்புறம் எதுன்னும் தெரியுது.

பங்குச் சந்தையிலயும் இதே கேள்விதான். விலையில என்னென்ன அலைகள் கலந்திருக்குன்னு ஃபூரியே கணக்கு சொல்லும். எந்த நாள்ல எகிறுச்சுன்னு நேரடியா காட்டாது. 1980களின் தொடக்கத்துல, பிரான்ஸில் எண்ணெய் தேடிய ழான் மோர்லே, நிலத்தடி எதிரொலிகளைப் பிரிக்கக் குட்டிக் குட்டி அலைகளைப் பயன்படுத்தினார். அதுதான் வேவ்லெட்.

அதுல எளிமையானது, 1910-ல் ஆல்ஃபிரட் ஹார் வெளியிட்டது. அடுத்தடுத்த ரெண்டு நாள் விலையோட வித்தியாசத்தை எடுங்க. அப்புறம் ரெண்டு ரெண்டு நாள், நாலு நாலு நாள் சராசரிகளை ஒப்பிடுங்க. வழக்கமான ஏற்ற இறக்கம் சின்ன எண்ணா வரும்.

2004 மே 17. தேர்தல் முடிவு வந்த சில நாள்ல சென்செக்ஸ் 5070-லிருந்து 4505-க்கு விழுந்துச்சு. வர்த்தகத்தையே நடுவுல ரெண்டு தடவை நிறுத்தினாங்க. அந்த இடத்துல மட்டும் எண் பெருசா நிக்கும்.

ஆனா ஒண்ணு. விழுந்த நாளைத்தான் அது காட்டும், விழப்போற நாளை இல்ல. 'சிக்னல்' விக்கிறவங்களை நம்பி வீட்டுச் சேமிப்பைப் போடுறதுக்கு முன்னாடி, இதை ஒருதடவை யோசிங்க.